கிண்ணத்தில் ஏறிய பற்று

பற்றுமானியின் முள் மூவாயிரத்தைத் தாண்டியதும் கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு வயிறு எரிந்தது. மேடையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு சீனப் பீங்கான் கிண்ணம். வெள்ளையில் நீலமாக இரண்டு மீன்கள். அதில் ஒன்றுக்குக் கண் வைக்க மறந்திருந்தான் வரைந்தவன். கிண்ணத்தின் சொந்தக்காரரான ஆவுடையப்பன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். முள்ளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோமதிநாயகத்தை அதிகம் சுட்டது அந்த அலட்சியம்தான்.

"பாத்தீங்களா, எப்படி நேசிச்சு வச்சிருக்காங்க!" என்றாள் ஏலம் விடும் எஸ்தர். "நம்ம தூத்துக்குடியில எந்தப் பொருளும் இதுவரைக்கும் ரெண்டாயிரத்தக்கூட தொட்டதில்ல."

எதையும் அப்படியே படியெடுக்கும் மெய்ப்படி இயந்திரம் வந்த பிறகு அசல் என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை போய்விட்டது. எந்த அரசன் வீட்டு ஜாடி வேண்டுமானாலும் காலையில் சொன்னால் மாலையில் வாசலில் இருக்கும், விரிசல் உட்பட. அணுவுக்கு அணு ஒன்றுபோலவே இருப்பதால் எந்த நிபுணராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு வசப்படாதது ஒன்றே ஒன்றுதான். மனம் ஒன்றி ஒரு பொருளைக் கையில் ஏந்தும்போது மனிதத் தோலில் ஒருவகை உப்பு கசிகிறது. பீங்கானின் மெருகிலும் தாளின் நாரிலும் அது படலம் படலமாக இறங்குகிறது. படியெடுத்த பொருளில் அந்த உப்பு வருவதேயில்லை. அதன் ஆழத்தை அளக்கும் கருவி பற்றுமானி. அளவுக்குப் பெயர் பற்று. எந்த உணர்ச்சியால் கசிந்த உப்பு என்று கருவிக்குத் தெரியாது. ஏலக்காரர்கள் அதை அன்பு என்று சொல்லிக்கொண்டார்கள். அன்பு என்றால் நாலு பேர் கூடுதலாகக் கேட்பார்கள் அல்லவா?

பணத்தை இந்தக் கூடத்தில் யாரும் மதிப்பதில்லை. பற்று ஏறிய பொருளுக்குப் பற்று ஏறிய பொருள்தான் ஈடு. கேட்க வருகிறவர்கள் தங்கள் பீங்கானையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கத்து ஈட்டு மேசையில் பரப்பி வைக்க வேண்டும். ஏலம் ஏற ஏற ஒவ்வொன்றாக முன்னால் தள்ள வேண்டும். ஜெயித்தவன் தள்ளிய பொருள்கள் எல்லாம் விற்றவருக்குப் போய்விடும்.

கோமதிநாயகம் அன்று காலை வேன் வைத்துத் தன் அலமாரி முழுவதையும் கொண்டுவந்திருந்தார். சாடிகள், தேநீர்க் கோப்பைகள், முதல் பதிப்புப் பஞ்சாங்கங்கள், தபால்தலைப் புத்தகங்கள் என்று மேசை கொள்ளாமல் கிடந்தன. பார்வைக்குப் பிரமாதம்தான். மானியில் வைத்தால் எதுவும் முப்பதைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் அவர் வாங்கியதற்கு ஒரே காரணம், அதேபோல் ஒன்று ஆவுடையப்பனிடம் இருந்தது. வாங்கி வீட்டில் வைத்த மறுநாளே அவருக்கு அது அலுத்துவிடும்.

இருவரும் துறைமுகத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பழைய கப்பல் சாமான் விற்கும் கடைகளை ஒன்றாகவே சுற்றிச் சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்கள். மீன் கிண்ணத்தை முதலில் கண்டது கோமதிநாயகம். பேரம் பேசும்போது ஆசையைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சேகரிப்பாளர் வழக்கம். அதனால் பிடிக்காதவர்போல முகத்தைச் சுளித்துவிட்டு, ஒரு சர்பத் குடிக்கத் தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கிண்ணம் ஆவுடையப்பனின் சட்டைப்பையில் இருந்தது. "உமக்குப் பிடிக்கலன்னு நெனச்சேம்வே" என்றார் ஆவுடையப்பன், வெள்ளந்தியாக. பிடிக்கவில்லை என்றுதான் தானும் நினைத்ததாகக் கோமதிநாயகம் சொல்லிவைத்தார். அன்றைக்குத் தொண்டையில் சிக்கியது அதன்பின் இறங்கவேயில்லை.

அதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போவார். போய் உட்கார்ந்ததும், "அந்தக் கிண்ணத்த எடும்வே, பாப்போம்" என்பார். ஆவுடையப்பன் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவார். மனைவி இறந்தபின் அடுக்களை அவர் பொறுப்பு. காபி வரும்வரை கோமதிநாயகம் கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது, என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பார். காபி வந்ததும், "பரவால்ல, சுமாரான சரக்குதான்" என்று திருப்பிக் கொடுப்பார். வருடக்கணக்காக நடந்தது இது.

இப்போது திடீரென்று ஆவுடையப்பன் விற்க வந்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "தூசி தட்டி முடியலவே" என்றார். தூசியாம்! மூவாயிரம் பற்று வைத்திருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? இத்தனை அன்பை ஊரறியாமல் மனதுக்குள் பூட்டி வைத்திருந்தவன், நம்மிடம் கடலை கொறித்துக்கொண்டு நாடகம் ஆடுகிறான் என்று கோமதிநாயகம் முடிவு கட்டினார். கிண்ணத்தைவிட அந்த மூவாயிரத்தின் மேல்தான் இப்போது அவருக்கு ஆசை. அப்படி ஒன்றை நேசிக்கத் தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

ஏலம் தொடங்கியது. சில்லறை ஆட்கள் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள். கடைசியில் நின்றது கொச்சியிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர். அவரிடம் கனமான பொருள்கள் இருந்தன. அவர் ஒன்று தள்ளினால் கோமதிநாயகம் பத்து தள்ள வேண்டியிருந்தது. சாடிகள் போயின, பஞ்சாங்கங்கள் போயின, தபால்தலைகள் போயின. மருத்துவர் நிதானமாக ஒரு பழைய கடல் வரைபடத்தை முன்னால் நகர்த்தினார்.

"ஒரு தரம்…" என்றாள் எஸ்தர்.

ஈட்டு மேசையில் கோமதிநாயகத்துக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். நூறு வருடத்துக்கு முந்தைய சமையல் புத்தகம். மட்டை கழன்று, மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. அவர் மனைவி பகவதி கல்லூரியில் படித்த காலத்தில் பாளையங்கோட்டைப் பழைய பேப்பர் கடை ஒன்றில் வாங்கியது. மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசிப்பதுபோல் அவள் அதை வாசிப்பாள். "இந்தாளுக்குப் புளி கரைக்கவே தெரியல" என்று எழுதியவரோடு சண்டை பிடிப்பாள், சிரிப்பாள். காலையில் அவளிடம், சும்மா அளந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் எடுத்து வந்திருந்தார். மானி எழுநூறு காட்டியது. அவர் வீட்டிலிருந்து வந்த பொருள் ஒன்று அவ்வளவு காட்டியது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு தரம்…"

முன்வரிசையில் ஆவுடையப்பன் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் எழுந்து, புத்தகத்தை முன்னால் தள்ளினார்.

மருத்துவர் கைகளை விரித்துவிட்டார். "மூணு தரம்!" என்று எஸ்தர் மேசையைத் தட்டினாள். கூடம் கைதட்டியது. கோமதிநாயகம் மேடைக்கு நடந்தபோது கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தார்.

வாங்கியவர் மேடையிலேயே கைப்பதிவு செய்ய வேண்டும் என்பது ஏலக்கூடங்களின் சடங்கு. பொருளை இரு கைகளாலும் பிடித்து மானியில் வைத்தால், புதுக் கை இது என்று கருவி குறித்துக்கொள்ளும். அதன்பின் ஏறுகிற பற்று அவர் பெயரில் தனியாகத் தெரியும். ஆளுக்கு ஆள் உப்பு வேறு என்பதால், விற்றவரும் ஒருமுறை கை வைத்துத் தன் பங்கைப் பிரித்து முடித்துக் கொடுக்க வேண்டும். கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைப் பிடித்தார். ஆவுடையப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டார்.

பெரிய திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. எஸ்தர் வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். ஆவுடையப்பன்: பதினொன்று. மற்றது எல்லாம் கோமதிநாயகம்.

"கருவி கோளாறா இருக்கும்" என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் மறுபடியும் அளந்தாள். மறுபடியும் அதேதான். கூடத்தில் ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, கொச்சி மருத்துவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஆவுடையப்பனுக்கு மட்டும் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ ஞாயித்துக்கெழம தவறாம வந்து இத ஏத்திவிட்டது நீருதானாவே?" என்றார். "நான் காபி போடப் போன நேரத்துலயா? எனக்கு ஒண்ணும் தெரியாதுவே, சத்தியமா. கண்ணில்லாத மீனு, பாக்க வேடிக்கையா இருந்துச்சுன்னு வாங்கினேன்."

கோமதிநாயகத்துக்கு இப்போதுதான் உறைத்தது. தன் பொறாமையைத் தானே ஏலம் கேட்டு, தன் அலமாரி முழுவதையும் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஆவுடையப்பன் ஈட்டு மேசையைப் பார்த்து மலைத்துப்போய், "இத்தனையையும் யாருவே தொடைக்கது?" என்றார். பிறகு சமையல் புத்தகத்தைக் கண்டு கையில் எடுத்தார். "இது பகவதியோடதுல்லா? இத நீரே கொண்டுபோயிரும்."

அப்போது வாங்கியிருக்கலாம். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் ஆவுடையப்பன் கையால் பிச்சை வாங்குவதா?

"ஏலம்னா ஏலம்தாம்வே" என்றார் கோமதிநாயகம். "நீரே வச்சுக்கிடும்."

வீட்டில் பகவதி கத்தவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் என் புத்தகத்தக் குடுத்துட்டு வந்திருக்கீயளா?"

"திருப்பிக் குடுத்தாரு. நான்தான்…"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீய." அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சரி. நான் போய்ப் பாத்துக்கிடுதேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனாள். புத்தகத்தோடு வருவாள் என்று கோமதிநாயகம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வந்தாள். ஆவுடையப்பன் புத்தகத்தைப் பார்த்துச் சொதி வைத்தாராம், தேங்காய்ப்பால் திரிந்துவிட்டதாம், இவள் சரிசெய்து கொடுத்தாளாம்.

"குடுக்கேன்னுதான் சொன்னாரு" என்றாள் பகவதி. "நான்தான் அங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். இங்க இருந்தா திரும்பவும் ஏலத்துக்குப் போயிரும்."

தூத்துக்குடியில் நடந்த கதை மற்ற ஊர்களுக்குப் பரவியது. ஏலக்கூடங்கள் அதை மறுத்துப் பார்த்தன. பலிக்காததால், அதையே தொழிலாக்கிக்கொண்டன. சேகரிப்பாளர்கள் இப்போது தங்களைக் கண்டால் ஆகாதவர்களாகப் பார்த்து விருந்துக்கு அழைத்து, பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். நல்ல எரிச்சல்காரர்களுக்கு நல்ல கிராக்கி. பொறாமைக்குப் பெயர்போன மதுரைக்காரர் ஒருவருக்கு வாரத்தில் எல்லா நாளும் விருந்துதான் என்று கேள்வி.

கோமதிநாயகத்தை யாரும் அழைக்கவில்லை. எதைப் பார்த்தும் இப்போது அவருக்கு ஆசை வரவில்லை என்பது பரவிவிட்டது. அது உண்மையும்கூட. காலியான அலமாரியில் கிண்ணம் மட்டும் இருந்தது. வார நாட்களில் அவர் அதைத் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் பகவதி ஆவுடையப்பன் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இந்நேரம் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்கள். இந்நேரம் அவள் புத்தகத்தை விரித்து, எழுதியவரோடு புளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். ஆவுடையப்பன் சிரிப்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டிருக்கிறோமா என்று நினைப்பார். கேட்டதில்லை. அப்போதெல்லாம் அவர் ஆவுடையப்பன் வீட்டில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏலக்கூடம் விற்ற பொருள்களின் வருடாந்தரச் சரிபார்ப்புக்கு எஸ்தர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். சின்ன மானியை மேசையில் வைத்து, கிண்ணத்தை அதன்மேல் வைக்கச் சொன்னாள். முள் மூவாயிரத்தில் நிற்கவில்லை. நாலாயிரத்தைக் கடந்தும் போனது.

"சார்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள் எஸ்தர். "ஏலத்துல வாங்கின பெறகு யாருக்கும் ஏறுனதே இல்ல சார். சொந்தமாயிட்டா எல்லாருக்கும் அலுத்துரும். உங்களுக்கு மட்டும் எப்படி?"

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பகவதி உள்ளே வந்தாள். விரல்களில் மஞ்சள். அங்கே கேட்ட ஏதோ ஒன்றுக்கு அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. எஸ்தரை வாங்க என்று கேட்டுவிட்டு, அந்தச் சிரிப்போடேயே அடுக்களைக்குள் போனாள். கோமதிநாயகத்தின் கைகள் கிண்ணத்தின்மேல் இருந்தன. எடுக்க மறந்திருந்தார்.

"ஐயோ, பாருங்க சார், இப்பகூட ஏறுது!" என்றாள் எஸ்தர், சந்தோஷம் தாங்காமல். "விக்கிற எண்ணம் இருந்தா இதான் சார் சமயம்."