பத்தே முக்கால் அழைப்பு

காலை ஒன்பதரை. காவல் நிலையப் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும், நடுவில் இன்னொரு ஆள் உட்காரும்படி இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு நிலையத்தில் ‘ஊசி மேடம்’ என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் கிடையாது.

“என்ன காணாமப் போச்சு?”

“தூக்கம் மேடம்,” என்றாள் மனைவி. “மூணு வாரமா கடன் வசூல்காரங்க கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டறாங்க. யாரோ ஒரு ஆள் பேரைச் சொல்லி, அவன் கடனை நீ கட்டுங்கறாங்க. அந்தப் பேரையே நான் கேள்விப்பட்டதில்ல.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“சம்பந்தமே இல்லாத பொம்பளை நம்பரை ஒருத்தன் எதுக்குக் கொடுப்பான்?” என்றான் கணவன். “அவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. இவளோட வாழறதா வேண்டாமான்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

புகார் கொடுக்க வந்தவன் பேசுகிற பேச்சா இது? அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

மனைவியின் கையிலிருந்த போன் அடித்தது. ஊசி மேடம் அதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“எப்பம்மா கட்டப் போறே?” என்றது ஓர் ஆண் குரல்.

“எதுக்கு நான் கட்டணும்?” என்றார் ஊசி மேடம், தான் யாரென்று சொல்லாமல்.

“ஞாபகம் இல்லையா? போன மாசம் ஒன்பதாம் தேதி, காலைல பத்தே முக்காலுக்கு நாங்க கூப்பிட்டோம். அவனை நல்லாத் தெரியும், நான் பொறுப்புன்னு நீதானே சொன்னே? ரெக்கார்டு ஹெட் ஆபீஸ்ல இருக்கு.”

போனை வைத்துவிட்டுப் பழைய அழைப்புகளைத் தேடினார். ஒன்பதாம் தேதி, பத்தே முக்கால். அழைப்பு எடுக்கப்பட்டிருந்தது. மூன்று நிமிடப் பேச்சு.

“பாத்தீங்களா?” கணவன் எழுந்தேவிட்டான். “மூணு நிமிஷம் பேசியிருக்கா.”

“சத்தியமா நான் பேசல மேடம்.” அவள் குரல் உடைந்தது.

ஊசி மேடம் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மோதிரத் தடம் இருக்கு, மோதிரத்தைக் காணோமே. அடகுக் கடையிலயா?”

“இல்ல மேடம். மருந்து கம்பெனியில மாத்திரை பேக்கிங் வேலை. மோதிரம், வளையல் எதையும் உள்ள விட மாட்டாங்க. இங்கேர்ந்து நேரா மதிய ஷிப்டுக்குப் போகணும்.”

“ஒன்பதாம் தேதி?”

“காலை ஷிப்ட். எட்டு மணிக்கே உள்ள போயிட்டேன்.”

“கிளம்புங்க. உங்க கம்பெனியைப் பாத்துட்டு வரலாம்.”

பதினொன்றே கால். உடை மாற்றும் அறையில் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருத்தியின் மோதிரம், வளையல், போன். தட்டுக்குச் சொந்தக்காரியின் பெயரும் போன் எண்ணும் ஒட்டியிருந்தன. கணவன் அந்தச் சுவரை இப்போதுதான் பார்க்கிறான்.

தட்டுகளைக் காத்து நிற்பவரை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். பக்கத்தில் சூப்பர்வைசர் அம்மா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

“ஆபீஸ் போனுக்கும் கூப்பிட்டு மானத்தை வாங்கறாங்க,” என்றார் சூப்பர்வைசர். “இன்னொரு தடவை வந்தா இவளை நிறுத்திடுவேன்.”

“பாவம் மேடம் இவ,” என்றார் டோக்கன் அக்கா. “நம்பரை மாத்தித் தொலைடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“வேலை நேரத்துல வீட்லேர்ந்து அவசரமா போன் வந்தா?” என்று கேட்டார் ஊசி மேடம்.

“நாங்க ரெண்டு பேருல யாராவது எடுத்து, கண்ணாடியைத் தட்டி உள்ள சொல்லுவோம்.”

ஊசி மேடம் தலையாட்டினார். பிறகு, சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னார்: “கடன் வாங்கின பையனைக் காலைல பிடிச்சாச்சு. ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கோம்.”

“யாராம் அது?” என்றார் சூப்பர்வைசர்.

“அடிச்சீங்களா?” என்றார் டோக்கன் அக்கா.

ஊசி மேடம் ஒரு நாற்காலியை டோக்கன் அக்கா பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க. யாரையும் பிடிக்கல, பொய்தான் சொன்னேன். ஊர் பேர் தெரியாதவனைப் பிடிச்சா யாருன்னு கேப்பாங்க. அடிச்சீங்களான்னு பெத்தவதான் கேப்பா.”

கணவனிடம் திரும்பினார். “போன்ல பேச்சு நடந்திருக்குன்னு மட்டும்தான் நீங்க பாத்தீங்க. அந்த நேரத்துல போன் யார் கையில இருந்துச்சுன்னு பாக்கல. மோதிரத்தையே உள்ள விடாத இடத்துல போனை விடுவாங்களா? பேசினது ஒரு பொம்பளை, போன் இந்தத் தட்டுல. மிச்சம் இவங்க ரெண்டு பேர்தான்.”

டோக்கன் அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மகனுக்குக் கடன் கொடுக்கப் பொறுப்பாக ஓர் ஆள் கேட்டார்களாம். இவர் அவள் தட்டில் ஒட்டியிருந்த எண்ணைக் கொடுத்து, இந்த நேரத்தில் கூப்பிடுங்கள் என்று சொல்லி, தானே எடுத்துப் பேசியிருக்கிறார்.

“உங்க பையனை ‘தம்பி, தம்பி’ன்னுதானே சொல்லுவீங்க. பேரே எனக்குத் தெரியாதேக்கா,” என்றாள் அவள். “இத்தனை தட்டுல என் நம்பர்தானா கிடைச்சுது?”

“மத்தவளுங்க திருப்பிக் கேப்பாளுங்க. நீ பொறுத்துப் போயிடுவேன்னு நெனச்சேன்டி.”

அந்த ஒரு வார்த்தை, வசூல்காரர்களின் எல்லா வசவையும்விட அவளுக்கு வலித்தது.

பன்னிரண்டு மணிக்கு அவள் போன் மறுபடி அடித்தது. இந்த முறை ஊசி மேடம் தான் யாரென்று சொன்னார்.

“இவங்க கடன் வாங்கல, எதுலயும் கையெழுத்துப் போடல. வேற ஆள் இவங்க போனை எடுத்து ஏமாத்தியிருக்காங்க. இந்த நம்பரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டோம்னு எழுதி, ரெக்கார்டோட நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. இனி இந்த நம்பருக்கோ இவங்க ஆபீசுக்கோ ஒரு போன் வந்தா வழக்கு உங்க மேலதான்.”

எதிர்முனையில் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” தவிர வேறு பேச்சில்லை.

ஊசி மேடம் டோக்கன் அக்காவை அழைத்துக்கொண்டு போனார். கதவருகே கணவன் தயங்கி நின்றான்.

“சரி, விடு. இனிமே எவனும் கூப்பிட மாட்டான்.”

“அவங்க யாரோ. ஆள் தெரியாம திட்டினாங்க,” என்றாள் அவள். “நீங்க எட்டு வருஷமா கூட இருக்கீங்க. போனை வெளியில வச்சுட்டுத்தான் வேலை பாக்கறேன்னு ஒரு போலீஸ்காரம்மா வந்து சொல்ல வேண்டியிருக்கு.”

மதிய ஷிப்டுக்கு மணி அடித்தது. தலையுறையை மாட்டிக்கொண்டாள்.

“சாயங்காலம் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றான்.

“வர்றேன்னு நான் இன்னும் சொல்லலையே,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.