அண்ணனுக்காக நின்றவன்

"விடுங்க!"

"நீங்க விடுங்க!"

இத்தாலியின் திரியெஸ்தேயில் போரா என்ற பேய்க்காற்று அடிக்கிற நாளில் தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கிராதோத் தீவிலிருந்து முதல்முறையாக இந்தத் துறைமுகத்துக்கு வந்த நீவெஸும், எதிரே வந்த நெட்டையனும் ஒரே கயிற்றில் மூக்கும் மூக்கும் முட்ட நின்றார்கள்.

"பொம்பளைக்கு வழிவிடத் தெரியாதா?"

"கையை விட்டா நான் கடல்லதான் கிடப்பேன்... பரவாயில்லையா, அம்மணி?"

"குளிச்ச மாதிரி இருக்கும்!"

சிரித்தான்... விட்டே விட்டான்! காற்று அவனைத் தூக்கியடிக்க, அவளே பாய்ந்து அவன் காலரைப் பற்றினாள். மழைக்கு முன் கறுத்த கடல் மாதிரிக் கண்கள்... சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள்.

காற்று தணியும்வரை காப்பிக்கடையில் இரண்டு மணி நேரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறானாம். தாயில்லாத அவனை அண்ணன்தான் வளர்த்தானாம். பேர் கேட்டான். அவள் சொல்லவில்லை. சொன்னால், சனிக்கிழமை கல்யாணம் என்பதையும் சொல்ல வேண்டுமே...

மாப்பிள்ளை எத்தோரே ஆஸ்திரேலியாவில் கரும்பு வெட்டுகிறார். போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குப் பதில் அவர் தம்பி தேவாலயத்தில் நின்று சம்மதம் சொல்வான். திங்கட்கிழமை அவள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற வேண்டும்.

சனிக்கிழமை. பீடத்தின் முன் நின்றவன் திரும்பினான்.

அவனேதான்! கயிற்றில் எதிரே நின்ற நெட்டையன்! அவளைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது.

"தாரியோ, உன் அண்ணன் எத்தோரே சார்பா இந்த நீவெஸை மனைவியா ஏத்துக்கறியா?" என்றார் பாதிரியார்.

அவன் பார்வை அவளைவிட்டு நகரவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். வளர்த்த அண்ணனுக்கு அவன் எப்படித் துரோகம் செய்வான், பாவம்...

"அண்ணனுக்காக... ஏத்துக்கறேன், ஃபாதர்." குரல் உடைந்தது.

"நீவெஸ், நீ?"

அப்பாவைப் பார்த்தாள். ஊரார் முன் அவர் தலைகுனியப் போகிறார். அதை நினைக்கவே வலித்தது. ஆனாலும் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய பொய்யைப் பீடத்தின் முன் நின்று எப்படிச் சொல்வாள்?

"முடியாது, ஃபாதர்... எத்தோரேகிட்ட நானே கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீவெஸ்!" என்றார் அப்பா.

கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இதோ நிக்கறாரே... இவரை இவருக்காகவே ஒரு தடவை கேளுங்க, ஃபாதர். அப்புறம் என்னைக் கேளுங்க... நான் சம்மதம்னு சொல்றேன்."