இலை மடிக்காதவர்

சாப்பிட வாங்கோ என்று ஒருவரைக் கூப்பிடுவது அவர் வந்து உட்காருவதற்காக அல்ல. இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சோற்றுக் கோப்பையோடு இருக்கும்போது படலையில் யாராவது தெரிந்தால் கூப்பிட வேண்டும். அவர் "இப்பதான் சாப்பிட்டனான்" என்று பொய் சொல்ல வேண்டும். "ஒரு பிடியாவது" என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு போய்விட வேண்டும். அரிசி கூப்பனுக்கு வந்த அந்த எழுபத்து மூன்றாம் ஆண்டில் எல்லோரும் இந்த நாடகத்தை இன்னும் கவனமாக ஆடினார்கள்.

பாக்குத்தீவில் மாகிரட் கூப்பிட்டவர் மட்டும் பொய் சொல்லவில்லை. எழுந்து வந்தார்.

கோவில் மாதர் சங்கத்தின் வருடாந்தப் பயணம் அது. காலைப் பூசை முடிந்ததும் புருசன்மார், பிள்ளைகள், அண்டா, கிடாரம், வாழையிலைக் கட்டு என்று எல்லோரும் எல்லாமும் திருகோணமலைத் துறைமுகத்தில் ஏறிக்கொண்டார்கள். வள்ளக்கார ஸெய்னுதீன் இரண்டு வள்ளங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, குறுக்கே மரம் கட்டி, மேலே பலகை விரித்து வைத்திருந்தான். மாகிரட்டின் புருசன் பேணாட் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அவன் அதைக் கட்டுமரம் என்றான். இங்கிலீசுப் புத்தகத்தில் இரட்டை வள்ளத்துக்கு அப்படித்தான் போட்டிருக்கிறதாம். ஸெய்னுதீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு மெசினை இழுத்தான்.

தீவு துறைமுக வாய்க்கு வெளியே, உருட்டிப் போட்ட பாக்குப் போலக் கிடந்தது. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் காலைக் கிழிக்கும் முருகைக்கல், நடுவில் பாலைமரங்கள். நல்ல நிழல், நல்ல காற்று. பிள்ளைகள் தண்ணீரில் கூத்தடித்தார்கள். மாகிரட்டின் ஒரே மகள் அருள்மலர், நாலு வயது, ஈரச் சட்டையோடு ஓடி ஓடிக் களைத்துத் தாயின் பாயிலேயே தூங்கிவிட்டாள். கலியாணமாகி ஏழு வருடம் மடு மாதாவிடம் அழுது பெற்ற பிள்ளை. அவளைத் தவிர மாகிரட்டுக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரு துரும்பும் கிடையாது.

சோற்று அண்டாவைத் திறந்தபோதுதான் மாகிரட்டுக்கு ஏதோ குறைவது போலப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று தெரிந்தது. காகம் இல்லை. தம்பலகாமத்து அரிசிச் சோறு ஆவி பறக்கிறது, பாரைமீன் குழம்பு மணக்கிறது, ஒரு காகம் கூட வந்து கத்தவில்லை. சோறு கண்ட இடத்தில் காகம் வராத ஊரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவரை அதற்குப் பிறகுதான் கண்டாள். நிழல் முடிகிற இடத்தில், இடுப்பில் ஈரச் சாரத்தோடு, தலையைக் குனிந்தபடி ஒரு ஆள் குந்தியிருந்தார். ஸெய்னுதீனோடு வந்தவராக இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்திலே அவளுடைய மச்சாள் பிலோமினா, பேணாட்டின் தமக்கை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் பிலோமினாவின் புருசன் வீட்டு ஆட்கள் மன்னாரிலிருந்து வந்தபோது மாகிரட் வீட்டில் சோறு பத்தாமல் போய்விட்டது. அந்தக் கதையை பிலோமினா ஊரில் சொல்லாத வாசல் இல்லை. ஆகவே மாகிரட் கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டாள்.

"வாங்கோவன், ஒரு பிடி சாப்பிட்டுப் போங்கோ."

வந்தார். பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார். இலையை விரித்துச் சோறு போட்டாள். கிட்டப் போனபோது ஊறிப்போன கயிற்றின் மணமும், வெயிலில் காய்ந்த பாசியின் மணமும், அதற்கு அடியில் வேறு ஏதோ இனிப்பான நாற்றமும் அடித்தது. முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் திரும்பியதும் என்ன முகம் என்று நினைவில் நிற்கவில்லை. குழம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் இலை கழுவித் துடைத்தது போல வெறுமையாக இருந்தது.

விருந்தாளி "போதும்" என்று சொல்லும்வரை போட வேண்டும். அல்லது இலையைத் தன் பக்கமாக மடித்து எழும்ப வேண்டும். இரண்டும் நடக்காமல் அகப்பையைக் கீழே வைக்கிற பெண் பெண்ணே அல்ல என்று மாகிரட்டை வளர்த்திருந்தார்கள். மறுபடி போட்டாள். சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், கருவாட்டுத் துண்டு, மறுபடி சோறு. அந்தக் கை இலைக்கும் வாய்க்கும் அவசரமில்லாமல் போய்வந்தது. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"என்ன மாகிரட், ஆருக்குப் போடுறாய்?" என்றாள் பிலோமினா.

"இவருக்குத்தான் மச்சாள்."

பிலோமினா பந்தியின் கடைசியைப் பார்த்தாள், பிறகு மாகிரட்டைப் பார்த்தாள், பிறகு மற்றப் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். "வெறும் இலைக்குப் போட்டுப் போட்டு அண்டாவை முடிச்சிட்டாளடி. எங்கட தம்பி எங்கயிருந்துதான் இதைக் கண்டுபிடிச்சவனோ!" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் முறை சோறு கிடைக்கவில்லை என்பதால் அந்தச் சிரிப்பில் விஷமும் இருந்தது.

மற்றவர்களுக்கு அவர் தெரியவில்லை என்று மாகிரட்டுக்கு அப்போதுதான் பட்டது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது வெறும் இலை. அண்டாவின் அடியை அகப்பை சுரண்டியது. பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். போனது. விசுக்கோத்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். போனது. அவர் கையை இலைக்கு மேலே விரித்துக் காத்திருந்தார். பிறகு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அவர் பார்த்தது மாகிரட்டை அல்ல, அவளுக்குப் பக்கத்தில் பாயில் வாயைத் திறந்தபடி தூங்கிய அருள்மலரை.

அந்த நேரத்தில் அவள் "இல்லை, முடிஞ்சுது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சோற்றைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாவிட்டாலும் "நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் சீதேவி போய்விடும். பூசைக்குத் தவறாமல் போகிற மாகிரட்டும் இதை வேதத்தைப் போலவே நம்பினாள். பழக்கம் நாக்கை முந்திக்கொண்டது.

"இருக்கு," என்றாள். "இருங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் தலையாட்டினார்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள், பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினாள்.

பின்னேரம் மேற்கிலிருந்து கச்சான் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. வள்ளம் துறைமுகத்தைப் பார்த்து முக்கி முக்கிப் போனது. சங்கத்துப் பெண்கள் பைலா பாடினார்கள், ஆண்கள் மறைத்துக் கொண்டுவந்த சாராயத்தை மறைக்காமல் குடித்தார்கள். மாகிரட் திரும்பிப் பார்க்கவில்லை. தீவை விட்டாயிற்று, கடல் நடுவில் இருக்கிறது, இனி என்ன என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலைமயிரில் உப்பு மணத்தது. அதை முகர்ந்து முகர்ந்து நெஞ்சை ஆற்றினாள்.

"இடப்பக்கம் பாரம் கூடிட்டு," என்று ஸெய்னுதீன் பின்னாலிருந்து கத்தினான். "அங்கால இருக்கிற ஆக்கள் கொஞ்சம் இங்கால வாங்க!"

இடப்பக்கத்தில் யாருமே இல்லை. வெறும் கிடாரங்கள்தான் இருந்தன. அந்தப் பக்கத்து வள்ளம் மட்டும் தண்ணீருக்குள் இறங்கி, அலை பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. கிடாரங்களுக்கு அப்பால், மடியில் இலையை விரித்து வைத்தபடி, அவர் இருந்தார்.

"இஞ்சாருங்கோ," என்று பேணாட்டின் கையைப் பிடித்தாள். "அந்த ஆள் எங்களோட வாறார். பாருங்கோ. பிள்ளையைப் பார்க்கிறார்."

பேணாட் பார்த்தான். சாராயம் மணக்கக் குனிந்து அவள் காதுக்குள் சொன்னான்: "நீர் காலமையிலயிருந்து என்ர மானத்தை வாங்கிறது காணும். வாயை மூடிக்கொண்டு இரும்."

அவளுக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது, நல்ல எண்ணமல்ல. விருந்தாளியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கை மாற்றிவிடலாம், ஊரில் நடப்பதுதான். பிலோமினாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "மச்சாள், அவரை உங்கட வீட்டுக்கு வரச்சொல்லுங்கோவன். ஒரு நேரம் நீங்கள் போடுங்கோவன்." பிலோமினாவுக்கு மூன்று பிள்ளைகள் என்பதை அவள் மறக்கவில்லை. நினைத்துத்தான் கேட்டாள்.

பிலோமினா யாரைச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. விளையாட்டுக்குத்தான் பதில் சொன்னாள், எல்லோருக்கும் கேட்க. "நீ கூப்பிட்ட ஆள். நீதான் போடவேணும்."

கிடாரங்களுக்கு அப்பால் அவர் மறுபடி தலையாட்டினார்.

உவர்மலையில் அவர்களது வீடு சின்னது. முன்னால் ஒரு விறாந்தை, நடுவில் ஒரு அறை, பின்னால் குசினி. கருக்கல் பொழுதில் பேணாட் அண்டா கிடாரங்களைச் சங்கத்தில் ஒப்படைக்கப் போய்விட்டான். அங்கேயே ஆட்களோடு உட்கார்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். விளக்கை ஏற்றினாள். திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள். விறாந்தைப் பக்கமிருந்து பாசி மணம் வந்தது.

முன்வாசலில் ஒரு நிலைக்காலிலிருந்து மறு நிலைக்கால்வரை இலை விரிந்து கிடந்தது. தலைவாழை இலை, ஈரமாக. அதற்கு அப்பால் இருட்டில் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இலையைத் தாண்டிவிடலாம் என்று காலைத் தூக்கினாள். அவர் முகம் நிமிர்ந்தது. காலை இழுத்துக்கொண்டாள். குசினிப் பின்கதவைத் திறந்தாள். அங்கேயும் இலை.

எந்த வயிற்றுக்கும் ஒரு அடி இருக்கத்தானே வேண்டும். அடுப்பை மூட்டினாள். கூப்பன் அரிசி முழுவதையும் உலையில் கொட்டினாள். அறையில் பிள்ளை தூங்கினாள். சோற்றை வடிக்கவும் பொறுக்காமல் கஞ்சியும் சோறுமாக அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"இருக்கு. இருங்கோ."

வெறும் இலை.

"இருக்கு, வாறன்."

வெறும் இலை. கை எரிந்தது. கொப்புளம் உடைந்தது. குரக்கன் மா. கருப்பட்டி. உப்புக் கூட. மழைக்கென்று வைத்த கருவாடு. அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது, ஒரே சொல், மறுபடி மறுபடி. இருக்கு. இருங்கோ. இருக்கு. பானையைக் கவிழ்த்தாள். மூடல்பெட்டியைக் கவிழ்த்தாள். அரிசிப் பெட்டிக்குள் தலையை விட்டு மூலையை விரலால் வழித்தாள்.

தூசி.

வாசலில் வந்து நின்றாள். விரித்த கை இலைக்கு மேலே காத்திருந்தது. நகங்களுக்குள் மணல். சீதேவி போனால் போகட்டும். புருசன் அடித்தால் அடிக்கட்டும். பிலோமினா இந்த ஊரையே கூட்டிச் சிரிக்கட்டும். மாகிரட் பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"இல்லை. ஒண்டும் இல்லை. முடிஞ்சுது. எழும்பிப் போங்கோ."

சொட்டுச் சத்தம் நின்றது.

அவர் கோபிக்கவில்லை. கை மெல்ல மடிக்குத் திரும்பியது. உடம்பு எழும்பத் தயாரானது போல முன்னால் சாய்ந்தது. போகப் போகிறார். மாகிரட் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டவரே, ஆண்டவரே. இவ்வளவுதானா. இந்த ஒரு சொல்லா.

"அம்மா."

அறை வாசலில் அருள்மலர் நின்றாள். தூக்கம் கலையாத கண், காய்ந்த உப்பு ஒட்டிய கன்னம். அடுப்பின் வெக்கையில் எழும்பிவிட்டாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்து தாயின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. வீட்டுக்கு வந்த ஆளைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை. ஆட்கள் வந்தால் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை.

"இருக்கு மாமா," என்றாள். "இருங்கோ."

மாகிரட் பாய்ந்தாள். சின்ன வீடு. இரண்டு எட்டு. பிள்ளை முந்திவிட்டாள். இலையின் நடுவில், ஈரத்தில், சோறு ஊட்டுவதற்கு உட்காருவது போலச் சம்மணம் கட்டி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும் தங்கச்சி," என்றார் அவர், மாகிரட்டைப் பார்த்து. "இது போதும்."

இலையின் அப்பக்கத்து விளிம்பை நனைந்த விரல்களால் பிடித்து, பிள்ளையின் தலைக்கு மேலாக, அவசரமில்லாமல், தன் பக்கமாக மடித்தார்.