பின்சீட்டின் எடை

பள்ளி வாசலில் காரை நிறுத்தியபோது திரையில் எண்பத்தேழு சதவீதம் என்று இருந்தது. எண்பத்தெட்டு இருந்திருக்க வேண்டும்.

ஒரு சதவீதத்தை வேறு யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவன் கடைகடையாகப் போய் மின்னணுத் தராசுகளைச் சரிபார்ப்பவன். இரண்டு கிராம் பிசகினாலும் அவன் கை தானாக நின்றுவிடும். அந்தச் சின்ன மின்சாரக் காரைப் பழைய விலைக்கு வாங்கிய முதல் வாரத்திலேயே அவனும் மனைவியும் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். முழு சார்ஜில் கிளம்பி மேட்டின் உச்சியிலிருக்கும் பள்ளிக்கு வந்து சேர, அவனும் மகளும் மட்டும் என்றால் பன்னிரண்டு சதவீதம் செலவாகும். மனைவியும் ஏறிக்கொண்டால் பதின்மூன்று.

"அப்போ நான் வெறும் ஒரு பர்சன்ட்தானா?" என்று அன்று அவள் பின்சீட்டிலிருந்து முறைத்தாள். "உங்க வண்டிக்கும் உங்கள மாதிரியே என் அருமை தெரியல."

அவள் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தால் வரட்டும் என்று இருந்தான். காலையில் மகளுக்குத் தலை வாரினான், சன்னல் வழியாக இழுத்திருந்த சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்தான், தராசுகளைச் சரிபார்த்தான், திரும்பி வந்து வயரை மறுபடி சொருகினான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது உலகம். தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

மறுநாளும் பதின்மூன்று. அதற்கு மறுநாளும்.

டயரில் காற்று குறைந்திருக்கலாம் என்று நினைத்தான். காற்றுப் பிடிக்கிறவர் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி என்ன சார் ஏத்தியிருக்கீங்க? இப்படி அமுங்கிக் கெடக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லையே."

"அப்ப ஸ்பிரிங் சோந்து போச்சு. வண்டிக்கும் வயசாகுதுல்ல."

ஸ்பிரிங் சோர்ந்தால் சார்ஜ் ஏன் குறைய வேண்டும்? வெள்ளிக்கிழமை மதியம், லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் போனான். அங்கிருந்த ஆபரேட்டர் அவனுக்குப் பழக்கம்.

"என்ன தராசு சார், சொந்தக் காரையே நிறுக்க வந்துட்டீங்க! பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து அவன் சிரித்தான். எடைக்கற்கள் இருந்த பெட்டியை இறக்கி வைத்தான். தானும் இறங்கி நின்றான். வெயிலில் காலியாக நின்றது கார். அதன் ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்த எடையைவிட நாற்பது கிலோ கூடக் காட்டியது மேடை.

நாற்பது. மனைவியின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அட்டையில் எழுதிய எண்.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பதிலாகத் தொண்டையில் தாகம் போல ஏதோ ஒன்று மெல்ல ஊறியது. ஐந்து மாதத்தில் அவன் உடம்பு உணர்ந்த முதல் விஷயம் அதுதான்.

அன்றிலிருந்து அவன் மெதுவாக ஓட்டினான். எஞ்சின் சத்தமில்லாத வண்டி. சிக்னலில் நின்றால் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே சொல்ல முடியாது. அந்த அமைதியில் சின்னச் சின்னச் சத்தங்கள் மேலெழுந்து வந்தன: இருக்கை உறையில் துணி உரசுவது, சாய்மானத்தில் முதுகு அழுந்தி ஒரு பெருமூச்சில் தளர்வது, மகளின் மூச்சுக்கு நடுவில் அதைவிட நிதானமான, நீண்ட இன்னொன்று. பூட்டிய அலமாரியைத் திறந்தால் வருவது போன்ற புடவை வாசனையும் அதற்கடியில் மருந்தின் கசப்பும் ஏசி காற்றில் கலந்து வந்தன. வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால், யாருடைய தோளிலோ சாய்ந்தது போல், எதுவும் இல்லாத பக்கமாகத் தலை சரிந்து கிடப்பாள்.

அவன் கண்ணாடியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளி எடைமேடையில், ஐம்பது. அதற்கடுத்த வெள்ளி, ஐம்பத்தைந்து. எவ்வளவு வேண்டியும் ஆஸ்பத்திரியில் ஏறாத எண் இங்கே ஏறியது. தேறிவிட்டாள் என்று நினைத்தான். நினைத்ததும் யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வந்தாள். மகளின் பள்ளிப் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"இடுப்புல மூணு ஊக்கு குத்தியும் நிக்கல தம்பி. பிள்ளைக்குச் சோறு போடுறீங்களா, இல்ல உங்க கடைத்தராசுல நிறுத்து நிறுத்துப் போடுறீங்களா?"

"நல்லாத்தான்க்கா சாப்பிடுறா. நேத்துகூட ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டா."

"அப்புறம் ஏன் தூக்குனா காகிதம் மாதிரி இருக்கா?" அவள் குரல் தாழ்ந்தது. "கொஞ்ச நாள் எங்கிட்ட விடுங்க. ஸ்கூலுக்கு நானே பஸ்ல கூட்டிட்டுப் போறேன். இவ ஒருத்திதான் மிச்சம் தம்பி, நமக்கு."

அவன் ஊக்குகளைப் பார்த்தான். மூன்று. ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு என்னவாகும் என்று தராசுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நினைப்பை முடிக்காமல் பாதியிலேயே விட்டான்.

"வேணாம்க்கா. அவளுக்குக் கார்ல போனாத்தான் பிடிக்கும்."

"அவளுக்கா, உங்களுக்கா?"

அவன் சார்ஜர் வயரைச் சொருக வெளியே போனான். அவள் பாவாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

திங்கட்கிழமை காலை பளிச்சென்று விடிந்திருந்தது. மேடு தொடங்கும் இடத்தில் கார் திணறியது. பின்பக்கம் தாழ்ந்து, முன்கண்ணாடி முழுக்க வானமாக இருந்தது. அழுத்தினான். மெல்ல ஏறியது. எண்பத்தெட்டு. எண்பத்தேழு. வளைவு திரும்புவதற்குள் எண்பத்தைந்து.

"அப்பா." வாரக்கணக்கில் காரில் அவள் பேசிய முதல் வார்த்தை. "மெதுவாப் போங்க. தூங்குறாங்க."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

பள்ளி வாசல். எண்பத்து மூன்று. பிள்ளைகளின் இரைச்சல். இறங்கிச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். வாசனை முகத்தில் மோதியது. மருந்துக் கசப்பு இப்போது இல்லை. புடவை மட்டும்.

பெல்ட்டை விடுவித்தான். வழக்கம்போல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

கைகள் தலைக்கு மேலே போய்விட்டன.

எடை இல்லை. சீருடை இருந்தது. ஷூ இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. மேலேயிருந்து மகள் அவனைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. பயமில்லை அவற்றில். எதுவுமே இல்லை.

இறக்கிவிட்டான். கால் தரையைத் தொடவில்லை. தோளைப் பிடித்து அழுத்தினான். தொட்டது. கையெடுத்தான். எழும்பியது.

கார் எழும்பவில்லை. பிள்ளையைத் தூக்கியும் ஒரு நூல்கூட எழும்பவில்லை. காலியான பின்சீட்டின் நடுவில் மெத்தை ஆழமாகக் குழிந்திருந்தது. ஒருவர் நன்றாகச் சாய்ந்து உட்காரும் அளவுக்கு.

"போதும்மா," என்றான் உள்ளே பார்த்து. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "போதும். அவளோடத அவகிட்டயே குடுத்துடு."

குழி அப்படியே இருந்தது. பள்ளி மணி அடித்தது. மேட்டுக் காற்று கீழிருந்து கிளம்பி, சருகுகளை உருட்டிக்கொண்டு வந்தது. இரு கைகளாலும் மகளின் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு ஷூ கழன்று விழுந்தது. அந்த எடையும் போனதில், அவன் கைகளையும் இழுத்துக்கொண்டு அவள் இன்னொரு சாண் மேலே போனாள்.