சர்க்கரையை மதிக்காத எறும்புகள்

வீட்டுக்காரர் கடை நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"மாடியில குடியிருக்கிற தையல்காரம்மாவுக்கு, சுத்தம்னா கிலோ என்ன விலை! வீடு பூரா எறும்பு. நான் வருஷம் பூரா பூச்சி அண்டாம வீட்டைக் காக்குறவன். மழைக்கு முன்னாடி ஒரு ஓட்டை விடாம என் கையாலேயே பூசிடுவேன். மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டேன். குத்தம் அந்தம்மா மேலதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பூச்சிமருந்துக் கடை நடத்தும் அண்ணி, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் கொழுந்தன் அதற்குள் மருந்துக் குடுவையை முதுகில் மாட்டிவிட்டான். எறும்பு என்று காதில் விழுந்தாலே அவனுக்குக் கை நமநமக்கும்.

மாடி அறையில் தையல் எந்திரமும் வெட்டிவைத்த துணிகளும் இருந்தன. தரை துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது. சுவரின் நடுவிலிருந்து எறும்புச் சாரை ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் வாடிக்கை எல்லாம் இந்தத் தெருதான்" என்றாள் தையல்காரி. "இங்கிருந்து போனா, ரெண்டு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு நான் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அடிச்சிடவா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"பொறு." அண்ணி ஒரு சிட்டிகைச் சர்க்கரையைச் சாரையின் வழியில் போட்டாள். எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட நின்று பார்க்கவில்லை. கொழுந்தனுக்கு வாய் பிளந்தது. இத்தனை வருஷத் தொழிலில் சர்க்கரையை மதிக்காத எறும்பை அவன் கண்டதில்லை.

அண்ணி பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டினாள். "மேல ஏறுறதைப் பாரு. அப்புறம் இறங்குறதைப் பாரு."

"ஏறுறதுக்கு வயிறு ஒட்டியிருக்கு. இறங்குறதுக்குப் பானை மாதிரி... அண்ணி, கண்ணாடி மாதிரி மினுங்குது!"

"இந்தச் சுவர்ல முன்னாடி என்ன இருந்துது?" என்று அண்ணி வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"ஒரு பழைய ஜன்னல். ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு எப்பவோ மூடியாச்சு. வெளிப்பக்கம் ஒரு ஓட்டை விழுந்துது. அதையும் இந்தத் தடவை பூசிட்டேன்" என்றார் அவர் பெருமையாக.

"எறும்பு எப்பம்மா வந்துது?"

"சார் பூசிட்டுப் போன கொஞ்ச நாள்ல" என்றாள் தையல்காரி. "அதுக்கு முன்னாடி சுவருக்குள்ள ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுன்னு நெனச்சேன். அப்புறம் அதுவும் குறைஞ்சுபோச்சு."

அண்ணி திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "சாப்பாடு சமையலறையில இருந்தா எறும்பு வயிறு நிறைஞ்சு சுவருக்குத் திரும்பிப் போகும். இதுங்க சுவர்லேருந்து நிறைஞ்சு வருது. சர்க்கரையைவிட ஒசத்தியான ஒண்ணு உள்ள ஒழுகுது. அதைக் காத்தவங்க வாசல் அடைபட்டுப்போச்சு. தண்ணி எடுத்துட்டு வந்து சிறகால விசிறிக் குளிர வைக்க ஆளில்லாம, வெயில்ல மெழுகு இளகியிருக்கு. பலகையை எடு."

கொழுந்தன் பலகையை நெம்பி எடுத்தான்.

ஓர் ஆள் உயரத்துக்குத் தேனடைகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு அறையும் ஒரே அளவு, ஒரே அச்சு. எந்த அளவுகோலைப் பிடித்து, யார் சொல்லித் தேனீக்கள் இதைக் கட்டின? கொழுந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. முதுகிலிருந்த குடுவையை இறக்கி, அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். அடைகள் சில இளகிச் சரிந்திருந்தன. அடைத்த ஓட்டையின் கீழே செத்த தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. மேல் மூலையில் மட்டும் ஒரு கைப்பிடித் தேனீக்கள் இன்னும் அசைந்தன.

வீட்டுக்காரர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொழுந்தனின் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார். தான் பூசிய சிமென்டைத் தானே உடைக்கும் சத்தம் கேட்டது.

ஓட்டை திறந்ததும் வெயில் உள்ளே பாய்ந்தது. மெழுகின் வழியே அது பொன்னாக ஊறி, தையல் எந்திரத்தின் மேலும் துணிகளின் மேலும் விழுந்தது. மிஞ்சிய தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தை நோக்கி நகர்ந்தன.

"அம்மா," அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "நீங்க எங்கேயும் போக வேணாம். தப்பு என்னோடது."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போகல சார். ஆனா இதை மறுபடி அடைச்சிடாதீங்க. எனக்கு ஜன்னலாவே வச்சுக் குடுங்க."