தொட்டா சொல்லு

வீட்டுக்குள் எலிக்கூண்டு வாடை அடித்தது. காட்டாங்குளத்தூர் ஆய்வுக்கூடத்திலேயே குளித்து உடை மாற்றி, பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை தலைக்கு ஊற்றியிருந்தாள் ஜெயஸ்ரீ. ஆனாலும் மழைக்கு ஜன்னலைச் சாத்தியதும், மரத்தூளும் மூத்திரமும் கலந்த அந்த நெடி சோபாவிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் மகள் தீபாவின் தலைமுடியிலிருந்தும் மெல்லக் கிளம்பி வந்தது.

தொழுநோய்க் கிருமி சிலரை மட்டும் ஏன் சுலபமாகப் பிடிக்கிறது என்பதுதான் அவளது ஆராய்ச்சி. அப்படிப்பட்டவர்களின் மரபணுவை எலிகளுக்குள் வைத்து, பாதத்தில் கிருமியை ஊசியால் ஏற்றி, உணர்ச்சி மரத்துப்போகிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மனித ரத்தம் வேண்டுமென்றால், வெளியே யாரைத் தேடுவது, ஆய்வுக்கூடத்து ஆட்களே கையை நீட்டிவிடுவார்கள். அவளும் நீட்டினாள்.

"அக்கா, உங்க சாம்பிள் பேஷண்டுங்க கூட போய் உக்காந்துகினு கீது. லேபிள மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று சிரித்தான் உடன் வேலை பார்க்கும் தீனா.

லேபிள் மாறவில்லை. நோயாளிகளிடம் இருந்த அதே மரபணு அவளுக்கும் இருந்தது. மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை, வந்தாலும் மாத்திரையில் குணமாகிவிடும். மாணவர்களுக்கு இதைப் பாடமெடுப்பவளே அவள்தான். எடுத்து என்ன புண்ணியம்? தன்னிடமிருந்து குழந்தைக்குப் போயிருக்குமோ என்ற பயம் விடவில்லை. தினமும் சாயங்காலம் தீபாவைக் கண்ணை மூடச் சொல்லி, அங்கங்கே தொட்டுக் கேட்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள்.

கணவன் ஹரிபிரசாத் போன் செய்தான்.

"மேடவாக்கத்துல தண்ணி லாரி குறுக்க நின்னுடுச்சு ஜெயா. வண்டி நகரவே இல்ல. லேட்டாகும்."

போனை வைப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

"அம்மா, தொட்டா சொல்லு விளையாடலாமா?" சோபாவிலிருந்து தீபா கேட்டாள்.

"சரி, கண்ண மூடிக்கோ."

இருட்டில் தடவிப் போய் உள்ளங்கையைத் தொட்டாள்.

"இங்க."

முழங்கை.

"இங்க."

கன்னம்.

"இங்க!"

ஜெயஸ்ரீக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கொறிக்கும் சத்தம். ஈரமான, அவசரமில்லாத சத்தம். அலமாரிப் பக்கமா? இல்லை. சமையலறையா? இல்லை. கிட்டத்தில். ரொம்பக் கிட்டத்தில். வாடை தொண்டை வரை இறங்கியது. மொபைலைத் தேடினாள். நழுவியது. கிடைத்தது.

டார்ச்சை அடித்தாள்.

தீபாவின் நீட்டிய காலருகே ஒரு வெள்ளை எலி. அதன் காதில், அடையாளத்துக்காக அவள் கையாலேயே போட்ட துளை. வெளிச்சத்துக்கு அது தலையைக் கூடத் தூக்கவில்லை. சோபா உறை சிவப்பாக நனைந்திருந்தது. குழந்தையின் கால் கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

டார்ச் வெளிச்சத்தைக் குழந்தையின் முகத்துக்கு உயர்த்தினாள்.

கண்களை இறுக மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தீபா காத்திருந்தாள்.

"கால்ல இன்னும் தொடவே இல்லையேம்மா?"