தம்பியிடம் இருக்கும் சிறுநீரகம்

திரையில் ஒரு சிவப்பணு நகர்ந்தது.

கண் அசதி என்று நினைத்தாள். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், பிற்பகல் முழுக்க மழைச் சத்தத்தையும் கணினியின் முனகலையும் தவிர வேறெதுவும் கேட்காமல், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையில் தனியாக உட்கார்ந்திருந்தால் கண் எதையும் காட்டும். தொலைவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில், நுண்ணோக்கியின் கீழ் அந்த ஸ்லைடு இருந்தது. கேமரா அதை அவள் வீட்டுத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்லைடில் இருந்தது தம்பியின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த நூலளவு சதை. அந்தச் சிறுநீரகம் அவள் கொடுத்தது. நேற்றிலிருந்து அது ஒரு சொட்டுக்கூட வடிக்கவில்லை. தம்பியின் உடம்பு அதைத் தள்ளிவிட்டதா, இன்னும் பிழைக்குமா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். திசுவைப் பார்த்து நோய் சொல்ல அவளை விட்டால் வேறு மருத்துவர் கிடைக்கவில்லை. அவளுக்கும் அவனை விட்டால் யாரும் இல்லை.

"ஸ்லைட தொடாதீங்க," என்றாள் ஹெட்செட்டில்.

"கையே வைக்கல மேடம்," என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். "இன்னும் கொஞ்சம் போனா மூச்சே விடாதன்னு சொல்வீங்க போல."

ஃபார்மலினில் ஊறி, மெழுகில் உறைந்து, மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிய சதை. அதில் உயிர் இருக்க வழியே இல்லை. ஆனாலும், இரத்தத்தை வடிகட்டும் அந்த நுண்குழாய்ச் சுருளில், ஒன்றன்பின் ஒன்றாக, அணுக்கள் ஊர்ந்தன. நின்றன. மறுபடி ஓர் உந்தல். நின்றன.

துடிப்பு.

பயத்துக்கு முன்னால் ஆசை வந்தது. நிற்காதே, என்று கெஞ்சினாள் மனசுக்குள். என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நிற்காதே.

ஓட்டம் வேகம் பிடித்தது. அவள் விரல்நுனிகள் சில்லிட்டன. மவுஸ் மேலிருந்த கை யாருடையதோ போலக் கிடந்தது.

"ஸ்லைட எடுத்துடுங்க."

ஹெட்செட்டில் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டேன் மேடம். என் கையிலதான் இருக்கு. உங்களுக்கு இப்ப வெறும் வெளிச்சம்தானே தெரியுது?"

திரையில் சுருள் சிவந்து விம்மியது.

அந்தப் பக்கம் ஃபோன் அடித்தது. யாரோடோ பேசிவிட்டு டெக்னீஷியன் சிரித்தபடி திரும்பி வந்தார். "வார்டுல இருந்து மேடம். தம்பிக்கு யூரின் இறங்க ஆரம்பிச்சிருச்சாம். எந்திரிச்சு உட்கார்ந்து, அக்கா எங்கன்னு கேக்குறாராம்."

தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாள். இல்லை. கழுத்தில். இல்லை. நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தினாள்.

மழை மட்டும்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

சொல்ல வாய் திறந்தாள். காற்று வரவில்லை. கண் மூடவும் வரவில்லை. எதிரே, இருட்டறையில், திரை முழுக்க அவளுடைய இரத்தம் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.